பலகையில் ஒட்டாத நோட்டீஸ்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது, கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே, "அப்பா, தர்ஸ்டே பத்து மணிக்கு மேரேஜ் லைசென்ஸ் அப்ளை பண்றோம். ஒரு விட்னஸ் சைன் பண்ணணும். நீங்கதான். ஓகே?" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஃபியோனாவை எனக்குப் பிடிக்கவில்லை என்று நீ நினைத்திருப்பாய். வெள்ளைக்காரப் பெண் என்பதால் அப்பா பின்வாங்குகிறார் என்று ஜெர்சி சிட்டி போய்ச் சேரும்வரை மனதுக்குள் சண்டை போட்டிருப்பாய். அது இல்லை. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை என்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உன் கல்யாணக் காகிதத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. நேரில் சொல்லலாம் என்றால், நான் தமிழில் ஆரம்பிப்பேன், நீ இங்கிலீஷில் கேள்வி கேட்பாய், இரண்டாவது கேள்வியிலேயே நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை நீ. மெதுவாகவே படி. புரியாத இடத்தை அம்மாவிடம் கேள். அவளுக்கு எல்லாம் தெரியும். எவ்வளவு தெரியும் என்பது எனக்கே இந்த மாதம்தான் தெரிந்தது.

உன் மாமனார் ஆலனிடமிருந்து தொடங்க வேண்டும். நிச்சயம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் என்னை வீட்டுக்கு அழைத்தார். ஊரில் நான் பத்திரப்பதிவு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்ததையும், இங்கே வந்த பிறகு இருபது வருஷம் கவுண்டி ஆபீஸ்களில் டைட்டில் தேடும் வேலை பார்த்ததையும் நீ அவரிடம் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறாய். பேர்தான் டைட்டில் சர்ச். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பது என்போமே, அதேதான். ஒரு சொத்து யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று புத்தகம் புத்தகமாகப் பின்னோக்கிப் போவது. ரிட்டயர் ஆன பள்ளிக்கூட வாத்தியார் ஆலன், முப்பது வருஷமாகத் தன் குடும்பத்துக்கு வில்லங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார். கம்ப்யூட்டர் திரையில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்து சர்ச் பதிவேட்டை விரித்து வைத்து, "இந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எனக்குத் தலை வலிக்கிறது, உங்களுக்கு எப்படி?" என்று கேட்டார். எனக்குத் தலை வலிக்கவில்லை. சோம்பேறி எழுத்தரின் கையெழுத்து எந்த நாட்டிலும் ஒன்றுதான். மாதக் கடைசியில் அவசரமாக எழுதியது எது, நிதானமாக எழுதியது எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். அன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு சனிக்கிழமைதோறும் போனேன். ரிட்டயர் ஆனவனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்து வேலை கொடுக்கும் சம்பந்தி கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

அந்தக் காலத்தில் அங்கே அரசாங்கப் பதிவு கிடையாது. ஒரு சர்ச்சைச் சேர்ந்த ஊர்களைப் பங்கு என்பார்கள். அந்தப் பங்கின் எழுத்தர்தான் குழந்தைகளின் ஞானஸ்நானத்தை எழுதுவார், கல்யாணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் ஓலை வாசித்ததை எழுதுவார். ஓலை வாசிப்பது என்றால், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று எல்லோர் முன்னிலையிலும் அறிவிப்பது. நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீட்டில் இன்றும் உண்டு. அந்தப் பதிவேடுகளில் எனக்குப் பிடித்தது இரண்டு. பெண்கள் கல்யாணமான பிறகும் பிறந்த வீட்டுப் பெயரோடு எழுதப்பட்டிருக்கிறார்கள், அதனால் தாய்வழியைத் தேடுவது சுலபம். இன்னொன்று, பெயர் வைக்கும் வழக்கம். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர், மூத்த பெண்ணுக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி பெயர். "இது எங்க வழக்கமாச்சே!" என்று நான் சொன்னதும் ஆலன் மேசையைத் தட்டிச் சிரித்தார். கல்யாண ஹாலில் மாட்டுவதற்கு இரண்டு குடும்பத்து வம்சப் படத்தையும் ஒரே பலகையாகச் செய்யலாம் என்ற யோசனை அன்றுதான் அவருக்கு வந்தது. நானும் தலையாட்டினேன். எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது தோன்றவில்லை.

அவருடைய படத்தில் ஆறு தலைமுறைக்கு முன்னால் மார்கரெட் என்று ஒரு பெண். அவருடைய நேர் முன்னோர் ஒருவரின் தங்கை. ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. கல்யாணம் இல்லை, புதைத்த பதிவு இல்லை. ஆலன் அவள் பெயருக்குக் கீழே 'சிறுவயதில் இறந்தாள்' என்று எழுதி வைத்திருந்தார். "எதை வைத்து எழுதினீர்கள்?" என்று கேட்டேன். "வேறு எங்கேயும் காணவில்லையே" என்றார். எனக்குத் தொழில் புத்தி வந்துவிட்டது. பதிவில் இல்லை என்பது ஒரு பதிவு ஆகாது என்று வகுப்பே எடுத்தேன். அந்தப் பங்கில் சாவைத் தனியாக எழுதும் பழக்கம் இல்லை. சவப்பெட்டி மேல் போர்த்தும் கறுப்பு வெல்வெட் துணி ஒன்று சர்ச்சுக்குச் சொந்தமாக இருந்தது, யார் வீட்டுச் சாவுக்கு அது போனது என்ற குறிப்பை வைத்துத்தான் சாவைக் கண்டுபிடிக்க வேண்டும். மார்கரெட்டுக்கு அந்தத் துணி போகவே இல்லை. "சரி, அப்படியானால் அவள் ஊரை விட்டுப் போயிருக்கிறாள். பக்கத்துப் பங்கில் தேடுங்கள்" என்றேன். ஞானஸ்நானப் புத்தகத்தை விட்டுவிட்டு, சபை மூப்பர்கள் கூடி விசாரித்த வழக்குகளை எழுதிய புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். ஓடிப்போனவர்களை நல்ல காரியப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை, இது ஊரிலேயே நான் கற்றது.

நான்கு சனிக்கிழமை ஆனது. கிடைத்தாள். ஒரு பண்ணையில் வேலைக்காரி. கல்யாணம் ஆகாமல் கர்ப்பம். மூப்பர்கள் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை சபை முன்னால் எழுந்து நிற்க வேண்டும், போதகர் அவளைக் கண்டிப்பார், ஊரே பார்க்கும். நின்றிருக்கிறாள். முதல் ஞாயிறு, இரண்டாம் ஞாயிறு என்று எழுத்தர் ஒவ்வொன்றையும் குறித்திருக்கிறார். மூன்றாவதற்கு எதிரே, 'மன்னித்து விடுவிக்கப்பட்டாள்'. அதே மாதத்தில் அவளுடைய பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம். பெயர் இசபெல். மார்கரெட்டின் அம்மா பெயர் இசபெல். அதை வைத்துத்தான் இவள் அவள்தான் என்று எங்களுக்கு உறுதியானது. மூன்று வருஷம் கழித்து ஒரு நெசவாளியோடு அவளுக்கு அதே சர்ச்சில் ஓலை வாசித்திருக்கிறார்கள். அதே எழுத்தர், அதே கையெழுத்து. நான் சத்தமாகப் படித்து முடித்ததும் ஆலன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். "முப்பது வருஷமாக இவளைக் குழந்தையிலேயே சாகடித்து வைத்திருந்தேனே" என்றார். பிறகு அழிப்பானால் அழிப்பது போல மிகக் கவனமாகத் திரையில் அந்த வரியை அழித்தார். அந்தச் சந்தோஷத்திலேயே என் பக்கம் திரும்பினார். "இப்போது உங்கள் பக்கம். உங்கள் தங்கை, காய்ச்சலில் இறந்தாராமே, மாப்பிள்ளை சொன்னான். எந்த வருஷம்?" பென்சிலோடு காத்திருந்தார். நான் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மூன்றாம் வகுப்பில் ஃபேமிலி ட்ரீ வரைந்து வரச் சொன்னார்கள். பழைய ஆல்பத்தில் ரெட்டைச் சடையோடு ஒரு பெண்ணைப் பார்த்து யார் என்று கேட்டாய். உன் அத்தை, அம்சவேணி, செத்துப் போய்விட்டாள் என்றேன். ஹவ் என்றாய். காய்ச்சல் என்றேன். நீ பச்சைக் கலர் பென்சிலால் ஒரு இலை வரைந்து, என் அத்தை காய்ச்சலில் இறந்துவிட்டாள் என்று இங்கிலீஷில் எழுதினாய். டீச்சர் அதன் பக்கத்தில் அழும் முகம் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார். அந்தத் தாளை அம்மா ஃபிரிட்ஜில் மாட்டவில்லை. ஏன் என்று நீ கேட்டாய், நான் கேட்கவில்லை.

அவள் சாகவில்லை, கண்ணு. முப்பத்தாறு வருஷமாக உயிரோடுதான் இருக்கிறாள்.

நடந்ததைச் சொல்கிறேன். அம்சா டவுனில் டைப்ரைட்டிங் படிக்கப் போனாள். அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஒருவரைப் பிடித்துவிட்டது. வேறு சாதி. பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்து, அவருடைய ஊர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். முப்பது நாள் அந்த நோட்டீஸ் பலகையில் இருக்க வேண்டும், அப்புறம்தான் கல்யாணம். பெண் வேறு ஊர் என்றால் அதன் நகல் பெண்ணின் ஊர் அலுவலகத்துக்கும் வரும், அங்கேயும் ஒட்ட வேண்டும். இது அவளுக்குத் தெரியாது. பெண்ணின் ஊர் அலுவலகத்தில் தபாலைப் பிரித்து, பதிவு எண் போட்டு, பசை தடவி ஒட்டுகிறவன் நான். உறையைப் பிரித்தேன். என் அப்பா பெயர், எங்கள் கதவு எண், அவள் கையெழுத்து. பதிவு எண்ணைப் போட்டேன். தாளை ஒட்டவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, மத்தியான சாப்பாட்டுக்குப் போகிற மாதிரி சைக்கிளில் போய் அப்பாவிடம் கொடுத்தேன். வேலை நேரத்தில் நான் செய்த ஒரே தப்பு அது. அதற்குமுன் ஒரு காலணா கூட லஞ்சம் வாங்கியதில்லை என்று உன்னிடம் எத்தனை தடவை பெருமை அடித்திருப்பேன்!

அப்பா அதைப் படித்துவிட்டு அடுப்பில் போட்டார். அம்சாவை அடித்தார். நான் வாசலில் நின்றேன், உள்ளே போகவில்லை. ஒன்பது நாள் அறையில் பூட்டி வைத்து மாப்பிள்ளை தேடினார்கள். பத்தாம் நாள் அவள் போய்விட்டாள், கட்டின துணியோடு. ஏதோ ஒரு கோயிலில் மாலை மாற்றிக்கொண்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அவள் போன அன்று சாயங்காலமே அப்பா எங்கள் எல்லோரையும் வாய்க்காலுக்குக் கூட்டிப் போனார். தலை முழுகுவது என்று சொல்லக் கேட்டிருப்பாய். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல உயிரோடு இருப்பவளுக்கு முழுகிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, இனி அவள் பெயர் வீட்டில் வரக்கூடாது. என் அம்மா அழுதுகொண்டே முழுகினாள். நான் மூன்று முழுக்குப் போட்டேன். கல்யாணமாகி நாலு மாதமே ஆகியிருந்த உன் அம்மா மட்டும் காய்ச்சல் என்று சொல்லி வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். எனக்கு அப்போது அவள்மேல் கோபம்கூட வந்தது. வந்த மருமகள் ஒத்துழைக்கவில்லை என்று!

பிறகு என் அப்பா போனார், அம்மா போனாள். நாம் அமெரிக்கா வந்தோம். அப்பா இருக்கும்வரை பயம் என்று சொல்லிக்கொண்டேன். அவர் போன பிறகு என்ன சொல்லிக்கொண்டேன் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே இல்லை. வெறும் அசதி. ஒரு பொய்யை முப்பது வருஷம் தூக்கிச் சுமப்பது பெரிய வேலை இல்லை, கண்ணு. இறக்கி வைப்பதுதான் வேலை. அதைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே எனக்கு வயதாகிவிட்டது. அந்த ஸ்காட்லாந்துக் கிழவர்கள்மேல் எனக்கு மரியாதை ஒன்றும் கிடையாது. ஒரு பிள்ளைத்தாச்சிப் பெண்ணை ஊர் முன்னால் நிறுத்திக் கேவலப்படுத்தியவர்கள். ஆனால் மூன்று வாரத்தில் முடித்தார்கள். முடிந்தது என்று எழுதினார்கள். அவள் பெண்ணைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். நாங்கள் முடிக்கவே இல்லை. அன்றைக்கு ஆலன் வீட்டிலிருந்து வரும் வழியில் இதை நினைத்து, ஒரு எக்ஸிட்டைத் தவறவிட்டு, எடிசன் வரை போய்த் திரும்பி வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "ஆலன் வருஷம் கேக்கறாரு. என்ன சொல்றது?"

அவள் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "ஏனுங்க, செத்தவளுக்கு ஒரு வருஷமாச்சும் திதி குடுத்தீங்களா? குடுக்கலியல்ல? அப்பறம் வருஷத்த எங்கிட்ட கேட்டா?" என்றாள்.

"அவ எங்க இருக்கறா, எப்படி இருக்கறான்னு யாருக்குத் தெரியும்?"

"திருப்பூர்ல இருக்கறா. ரெண்டு பொண்ணுங்க. பொங்கலுக்குப் பொங்கல் நாந்தான் போன் பண்றனே."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். இருபத்தேழு வருஷமாம். நாம் பிஸ்கட்டவேக்கு வந்த முதல் பொங்கலிலிருந்து. காலிங் கார்டு சுரண்டிய காலத்திலிருந்து. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே?" என்றேன்.

"நீங்க கேக்கவே இல்லியே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நாந்தான் அன்னைக்குத் தலைக்கு ஊத்திக்கலியே. எனக்கு அவ எப்பவும் நாத்தனாருதான்" என்றவள், கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மாவிடம் போய்விட்டாள். உன் அம்மாவோடு முப்பத்தேழு வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

"அண்ணி, சொல்லுங்" என்று குரல் வந்தது. என் அம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. "நாந்தான்" என்றேன். அங்கே அப்போதுதான் விடிகிற நேரம், டி.வி.யில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, யாரோ அதை நிறுத்தினார்கள். "சொல்லுங்ணா" என்றாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த 'ங்ணா'வை விடவில்லை, கண்ணு. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் அழுதேன். அவள் அழவில்லை. நலம் விசாரித்தாள், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். மூத்த பெண்ணுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "ருக்மணிதாங்ணா. அம்மா பேரு. வேற யாரு பேர வெக்கறது?" என்றாள். எங்களைத் தலை முழுகியிருக்க வேண்டியவள் அவள். அவள் எங்கள் அம்மாவை வீட்டில் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அந்த நோட்டீஸ் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டாள். "அது எனக்கு அன்னைக்கே தெரியும்ங்ணா. கவர்மெண்டு சீல் வெச்ச தாளு நம்மூட்டுக்கு வேற யாரு கையில வரும்?" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அண்ணி சொன்னார்கள், பையனுக்குக் கல்யாணமாமே என்றாள். பெண் எந்த ஊர், என்ன படிப்பு, நன்றாகச் சாப்பிடுமா என்று எல்லாம் கேட்டாள். கடைசியில், வைக்கப் போகும்போது, "அங்கெல்லாம் எப்படிங்ணா, கல்யாணத்துக்கு நோட்டீஸ் ஒட்டோணுமா?" என்று கேட்டாள்.

குத்திக்காட்டக் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, எனக்குத் தெரியவில்லை. இல்லை, இங்கே ஒட்டுவதில்லை, ஒரு சாட்சி கையெழுத்துப் போட்டால் போதும் என்றேன். "சாட்சி யாரு?" என்றாள். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அடுத்த நாள்தான் நீ வந்து, நீங்கதான் விட்னஸ் என்றாய்.

இப்போது புரிந்ததா நான் ஏன் 'பாக்கலாம்' என்றேன் என்று? ஆலனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். என் தங்கை பெயருக்குக் கீழே வருஷம் எதுவும் போடாதீர்கள், கணவர் பெயரும் இரண்டு பெண்கள் பெயரும் அனுப்புகிறேன் என்றேன். அவர், "பலகையை இன்னும் அகலமாகச் செய்யச் சொல்கிறேன்" என்றார். நல்ல மனுஷன். வீட்டில் ஏதாவது மனத்தாங்கல் என்றால் அவரிடம் போ, நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

புத்திமதி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் அப்பன் வாய் சும்மா இருக்காது. ஃபியோனா ஏதாவது கேட்டால், தெரிந்ததைத் தெரிந்த அன்றே சொல்லிவிடு. 'பாக்கலாம்' என்று மட்டும் சொல்லாதே, அது என்னோடு போகட்டும். உனக்குப் பிள்ளைகள் பிறந்து, அவர்களில் ஒன்று உனக்குப் பிடிக்காததைச் செய்தால் கத்து, சண்டை போடு, மூன்று வாரம் பேசாமல்கூட இரு. நாலாவது வாரம் நீயே போன் பண்ணு. அத்தைக்கு ஒரு பத்திரிகை அனுப்பு. விசா எல்லாம் மூன்று வாரத்தில் கிடைக்காது, அவளால் வர முடியாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் உறை மேல் அவள் பெயரை நீ உன் கையால் தமிழில் எழுது. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

வியாழக்கிழமை பத்து மணி. சாட்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், வாழ்க்கை முழுக்க சாட்சிக் கையெழுத்துகளைப் பார்த்தவன். நான் பார்த்தேன், எனக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். ஒரு கல்யாணத் தாளைச் சட்டைப் பைக்குள் மடித்து வைத்தவன் இதில் கையெழுத்துப் போடலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். வேறு யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் நான் வருத்தப்பட மாட்டேன். வருத்தப்படுவேன், ஆனால் ஏன் என்று கேட்க மாட்டேன். வரச் சொன்னால் ஒன்பது மணிக்கே வந்து அந்த ஆபீஸ் வாசலில் நிற்பேன். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒட்ட வேண்டிய இடத்தில் நான் ஒட்டவில்லை. இந்தத் தடவை யார் எடுத்துப் பார்த்தாலும் படிக்கிற மாதிரி, முழுப் பெயரையும் நிறுத்தி எழுதுவேன்.

அப்பா